ஸ்கேன் சென்டர் டிஸ்கில் இருக்கும் படங்களை ஜேபிஜி ஆக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: அப்பாவுக்குத் திருநெல்வேலியில் மார்பு சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் இருக்கும் டாக்டர், "படத்தை வாட்ஸ்அப்ல போடுங்க, பார்த்துச் சொல்றேன்" என்கிறார். ஸ்கேன் சென்டரில் கொடுத்த டிஸ்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் பெயர் புரியாத நூற்றுக்கணக்கான ஃபைல்கள், ஒன்றும் திறக்கவில்லை. இவற்றை ஜேபிஜி ஆக மாற்றுவது எப்படி, ஆன்லைனில் மாற்றித் தரும் தளங்களில் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் ஸ்கேன் சென்டர்களில் பதினொரு வருடம் டெக்னீஷியனாக இருந்தவன். கவுண்டரில் யாராவது வந்து "சி.டி. ரெடியா?" என்றால் ஸ்கேனைக் கேட்கிறார்களா, தட்டைக் கேட்கிறார்களா என்று தெரியாமல் முழித்த அனுபவம் நிறைய உண்டு. அதனால் இந்தப் பதிலில் ஸ்கேனை சி.டி. என்றும் அந்த வட்டத் தட்டை டிஸ்க் என்றும் சொல்லிவிடுகிறேன்.

மாற்றுவது சுலபம், ஐந்து நிமிட வேலை. ஆனால் மாற்றும்போது எதைத் தூக்கிப்போடுகிறோம் என்று தெரியாமல் மாற்றினால், டாக்டருக்குப் போய்ச் சேரும் படத்தில் அவர் பார்க்க வேண்டியதே இருக்காது. எனக்கே நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மார்பு சி.டி.யை அறுபது ஜேபிஜி ஆக்கி பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அந்த நோயாளியின் டாக்டரே போன் செய்தார்: "தம்பி, இதயம் தெரியுது, எலும்பு தெரியுது, நுரையீரலைக் காணோமே? ரெண்டு பக்கமும் கரி பூசின மாதிரி இருக்கு." ஃபைலில் நுரையீரல் இருந்தது. ஜேபிஜி ஆக்கும்போது நான்தான் அதை இழந்திருந்தேன்.

அது எப்படி என்று புரிய, அந்த ஃபைல் என்னவென்று பார்க்க வேண்டும்.

டிஸ்கில் இருப்பவை டைகாம் ஃபைல்கள். ஒரு கம்பெனி மெஷினில் எடுத்த படம் இன்னொரு கம்பெனி கம்ப்யூட்டரில் திறக்காது என்ற தொல்லை எண்பதுகளில் பெரிதாக இருந்தது. அமெரிக்காவின் ரேடியாலஜி டாக்டர்கள் அமைப்பும் மின்சாதனத் தயாரிப்பாளர்கள் சங்கமும் சேர்ந்து 1985இல் ஒரு பொது விதிமுறையை வெளியிட்டார்கள். அது வளர்ந்து 1993இல் டைகாம் என்ற பெயருக்கு வந்தது. இன்று சி.டி., எம்.ஆர்.ஐ., எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் எல்லாமே பேசுவது இந்த ஒரே மொழிதான். ஃபைல்களுக்கு ஏன் ஒழுங்கான பெயரே இல்லை என்றால், அதற்கும் விதிதான் காரணம்: டிஸ்கில் எழுதும்போது ஃபைல் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது, பின்னால் புள்ளி வைத்து எதுவும் ஒட்டக் கூடாது. பின்னொட்டு இல்லாததால் விண்டோஸுக்கு அது என்ன ஃபைல் என்றே தெரியாமல் "எதில் திறக்கட்டும்?" என்று கேட்கிறது. சிலர் பெயருக்குப் பின்னால் ஜேபிஜி என்று டைப் செய்து பார்ப்பார்கள். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா?

உள்ளே என்ன இருக்கிறது? முதல் 128 பைட் பெரும்பாலும் காலி. அடுத்து டி, ஐ, சி, எம் என்று நான்கு எழுத்து, இது டைகாம் என்பதற்கான முத்திரை. அதன் பிறகு ஒரு நீண்ட பட்டியல்: நோயாளியின் பெயர், அடையாள எண், பிறந்த தேதி, எந்த மெஷின், எத்தனை மில்லிமீட்டர் ஸ்லைஸ் (உடம்பைக் குறுக்கே வெட்டிப் பார்க்கிற மாதிரியான ஒவ்வொரு படமும் ஒரு ஸ்லைஸ்), படத்தில் ஒரு புள்ளி உடம்பில் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் வலது, எந்தப் பக்கம் இடது. இவ்வளவுக்கும் பிறகு, கடைசியில்தான் படம். அந்தப் படமும் நாம் நினைக்கிற மாதிரியான படம் இல்லை.

சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு அளவு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100 பக்கத்தில், நுரையீரல் மைனஸ் 700, 800 என்று கீழே, கெட்டியான எலும்பு 1000ஐயும் தாண்டி மேலே. சி.டி. மெஷினை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் இதை ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு என்கிறோம். 1971 அக்டோபரில் லண்டனின் விம்பிள்டன் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். 1979இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஒரு ஸ்லைஸில் வழக்கமாக 4096 அளவுகள் வரை இருக்கும். ஜேபிஜியில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தமே 256 படிகள்.

நாலாயிரம் பேர் வருகிற கல்யாணத்துக்கு 256 இலைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் நெருக்கி உட்காரவைத்தால் ஓர் இலைக்குப் பதினாறு பேர், யார் யார் என்றே தெரியாது. மூளையில் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் வித்தியாசம் சுமார் 10 அளவுதான். முழு வீச்சையும் அப்படியே 256 படிகளில் அமுக்கினால் இரண்டும் ஒரே படியில் விழுந்து ஒரே நிறமாகிவிடும்.

அதனால்தான் ரேடியாலஜியில் விண்டோ என்று ஒன்று உண்டு. வீச்சு முழுவதையும் விட்டுவிட்டு, வேண்டிய ஒரு துண்டை மட்டும் எடுத்து அதற்கே 256 படிகளையும் கொடுப்பது. மூளைக்கு நடு 40, அகலம் 80 என்று வைத்தால் 0 முதல் 80 வரை மட்டும்தான் படத்தில் விரியும். அந்தப் பத்து அளவு வித்தியாசம் இப்போது 32 படிகள், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். மார்புக்கு இரண்டு விண்டோ வேண்டும். இதயம், ரத்தக் குழாய், நெறிக்கட்டி எல்லாம் பார்க்க நடு 40, அகலம் 400. நுரையீரலுக்கு நடு மைனஸ் 600, அகலம் 1500. முதல் விண்டோவில் மைனஸ் 160க்குக் கீழே இருப்பதெல்லாம் சுத்தக் கறுப்பு. நுரையீரல் எங்கே இருக்கிறது? மைனஸ் 700இல். அன்றைக்கு நான் பூசிய கரி அதுதான்.

டைகாம் ஃபைலில் டாக்டர் தன் மௌஸை இழுத்து எந்த விண்டோவுக்கும் போகலாம். ஜேபிஜி ஆக்கிய நிமிடத்திலேயே விண்டோ உறைந்துவிடுகிறது. பிறகு போனில் பிரைட்னஸைக் கூட்டினாலும் குறைத்தாலும் கறுப்புதான் சாம்பல் ஆகும், உள்ளே இருந்தது திரும்பி வராது. ஆகவே மாற்றுவதற்கு முன்பே விண்டோவைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். மார்பு ஸ்கேன் என்றால் இரண்டு செட் எடுக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

லேப்டாப்பில் டிஸ்க் டிரைவ் இல்லையென்றால் டி.டி.பி. கடையில் கேட்டுப் பாருங்கள், இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அல்லது ஸ்கேன் சென்டரிலேயே, "டைகாமாகவே பென் டிரைவில் கொடுங்க" என்று கேளுங்கள். இப்போது பல சென்டர்களில் லிங்க் கொடுக்கிறார்கள். அது இருந்தால் இந்தப் பாடே வேண்டாம், லிங்க்கை அப்படியே டாக்டருக்கு அனுப்பிவிடலாம். டிஸ்க் மட்டும்தான் என்றால் முதல் காரியம், அதிலிருப்பது முழுவதையும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்வது. டிஸ்கிலிருந்தே ஒவ்வொரு ஸ்லைஸாகத் திறந்தால் அது கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கும், பொறுமை போய்விடும்.

டிஸ்கிலேயே படம் பார்க்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேரும் சேர்த்து எழுதியிருப்பார்கள். விண்டோஸில் அது பெரும்பாலும் ஓடும். ஆனால் சிலவற்றில் படத்தை வெளியே எடுக்கும் வசதி இருக்காது, சிலவற்றில் எடுத்தால் திரை அளவுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கும். நான் சொல்வது மைக்ரோடைகாம். விண்டோஸுக்கானது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றால் ஹோரோஸ். லினக்ஸ் உட்பட எதிலும் ஓடுவது வீசிஸ். படங்களைத் திருத்தும் சாஃப்ட்வேரான ஜிம்ப்பிலும் டைகாம் திறக்கும். ஆனால் முந்நூறு ஸ்லைஸை அதில் ஒவ்வொன்றாகத் திறப்பது கடுகை எண்ணுகிற கதை. மொத்தமாக ஃபார்மட் மாற்றித் தரும் பொதுவான இமேஜ் சாஃப்ட்வேர்களை இதற்கு நான் நம்புவதில்லை. அவை விண்டோவைத் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும்.

சாஃப்ட்வேரில் அந்த ஃபோல்டர் முழுவதையும் திறக்கச் சொல்லுங்கள். டிஸ்கில் டைகாம்டிர் என்றொரு ஃபைல் இருக்கும், அதுதான் மொத்தத்துக்கும் பொருளடக்கம். அதைத் திறந்தாலும் போதும். இடப்பக்கம் நோயாளி பெயர், அதன் கீழே ஸ்டடி (அன்றைக்கு எடுத்த ஸ்கேன்), அதன் கீழே சீரீஸ்கள் (அந்த ஸ்கேனின் படத் தொகுப்புகள்) என்று விரியும். ஒரே ஸ்கேனில் நாலைந்து சீரீஸ் இருப்பது சகஜம், எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. ஒன்றிரண்டு படம் மட்டும் உள்ள சீரீஸ், எக்ஸ்ரே மாதிரித் தெரிந்தால், எங்கிருந்து எங்கே வரை எடுக்க வேண்டும் என்று குறிப்பதற்காக முதலில் எடுத்தது. அதை விட்டுவிடலாம். ஒரே பகுதி 5 மில்லிமீட்டரிலும் 1 மில்லிமீட்டரிலும் இருக்கும்: ஐந்து என்றால் ஏறக்குறைய அறுபது எழுபது படம், ஒன்று என்றால் முந்நூறுக்கு மேல். போனில் பார்க்கப்போகிறவருக்கு 5 மில்லிமீட்டர் போதும்.

அப்புறம் சீரீஸ் பெயரில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. சீமென்ஸ் மெஷினாக இருந்தால் பெயருக்குப் பின்னால் பி30, பி31 அல்லது பி60, பி70 என்று இருக்கலாம். முப்பதுகள் மென்மையானவை, இதயப் பகுதி பார்க்க. அறுபது, எழுபது கூர்மையானவை, நுரையீரலுக்கும் எலும்புக்கும். ஜி.இ. மெஷினில் ஸ்டாண்டர்ட், லங், போன் என்று நேராகவே எழுதியிருப்பார்கள். நுரையீரல் செட்டுக்குக் கூர்மையானதையும் மற்றதற்கு மென்மையானதையும் எடுங்கள். மென்மையான சீரீஸில் லங் விண்டோ வைத்தாலும் நுரையீரல் தெரியும், கொஞ்சம் மங்கலாக.

சீரீஸைத் திறந்ததும் விண்டோ மெனுவில் லங் என்று தேர்ந்தெடுங்கள், அல்லது மேலே சொன்ன எண்களை நீங்களே போடுங்கள். நுரையீரலுக்குள் ரத்தக் குழாய்கள் மரக்கிளை மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து போவது தெரிந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். இந்த விண்டோ சீரீஸ் முழுவதற்கும் பொருந்தியிருக்கிறதா, திறந்திருக்கும் ஒரு படத்துக்கு மட்டுமா என்று இரண்டு மூன்று ஸ்லைஸ் நகர்த்திப் பாருங்கள். பிறகு எக்ஸ்போர்ட்டில் போய் படமாகச் சேமிக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, இந்த சீரீஸ் முழுவதும் என்று சொல்லுங்கள். ஜேபிஜி என்றால் தரம் 95க்குக் குறைக்காதீர்கள். கேட்டால் பிஎன்ஜி என்ற இன்னொரு பட ஃபார்மட்டில் எடுங்கள் என்பேன்: ஜேபிஜி படத்தைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி அமுக்குவதால் எலும்பு ஓரங்களில் நிழல் மாதிரி ஒரு அழுக்கு விழும், பிஎன்ஜியில் விழாது. எட்டு பிட் பிஎன்ஜியாக, அதாவது அதே 256 படிகளில், எடுங்கள். பதினாறு பிட்டில் எடுத்தால் பல போன்களில் வெறும் கறுப்பாகத் தெரிந்து பயமுறுத்தும். இதயப் பகுதிக்கு விண்டோவை மாற்றி இதையே இன்னொரு முறை, வேறு ஃபோல்டரில் செய்யுங்கள். ஒரே ஃபோல்டரில் போட்டால் இரண்டும் கலந்துவிடும்.

எக்ஸ்போர்ட்டில் ஒரு டிக் கட்டம் இருக்கும், படத்தின் மேல் உள்ள எழுத்துகளையும் சேர்க்கவா என்று. இங்கே ஒரு சங்கடம் உண்டு. அந்த எழுத்துகளில் அப்பாவின் பெயர், வயது எல்லாம் இருக்கும், டிக்கை எடுத்துவிட்டால் அவை போய்விடும். ஆனால் வலது, இடது என்று காட்டும் ஆங்கில எழுத்தும், ஸ்லைஸ் எண்ணும், ஓரத்தில் உள்ள அளவுகோலும் கூடவே போய்விடும். சி.டி. படத்தில் நமக்கு இடப்பக்கம் தெரிவது நோயாளியின் வலப்பக்கம்; டாக்டருக்கு இது தெரியும், ஆனாலும் படம் எங்காவது தலைகீழாகத் திரும்பியிருந்தால் சொல்ல ஆள் வேண்டாமா? அளவுகோல் இல்லாவிட்டால் கட்டி எட்டு மில்லிமீட்டரா பதினெட்டா என்று அளக்கவும் வழியில்லை. பார்க்கப்போவது உங்கள் டாக்டர் ஒருவர்தான் என்றால் எழுத்துகளோடே அனுப்புங்கள், பெயர் இருப்பதால் வேறொருவர் படத்தோடு குழம்பாது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடப்போகிறீர்கள் என்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். போடாமலிருந்தால் இன்னும் நல்லது.

வாட்ஸ்அப்பில் இந்த அறுபது படத்தையும் போட்டோவாக அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அமுக்கியதை அது மறுபடி அமுக்கும், ஃபைல் பெயரையும் மாற்றும். வரிசை போய்விட்டால் மேலிருந்து கீழே வருகிற ஸ்லைஸ்கள் சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி ஆகிவிடும். எல்லாவற்றையும் வரிசையாக ஒரே பிடிஎஃப் ஆக்கி, டாக்குமெண்டாக அனுப்புங்கள். டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். இதைவிட எனக்குப் பிடித்தது வீடியோ. மைக்ரோடைகாமிலேயே சீரீஸை வீடியோவாக எடுக்கலாம். மேலிருந்து கீழே ஓடும்போது ரத்தக் குழாய் எது, கட்டி எது என்று பிரித்துப் பார்ப்பது சுலபம்: குழாய் அடுத்த ஸ்லைஸிலும் அதற்கடுத்ததிலும் தொடர்ந்து போகும், கட்டி ஓரிரு ஸ்லைஸில் முடிந்துவிடும். தனித்தனிப் படத்தில் இரண்டும் ஒரே வெள்ளைப் பொட்டுதான். வீடியோவை மெதுவாக, நொடிக்கு ஐந்தாறு ஸ்லைஸ் வேகத்தில் எடுத்து, அதையும் டாக்குமெண்டாகவே அனுப்புங்கள். கூடவே ரிப்போர்ட்டையும் தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்ப மறக்காதீர்கள். பாதிப் பேர் படத்தை அனுப்பிவிட்டு ரிப்போர்ட்டை விட்டுவிடுவார்கள்.

இத்தனையும் டாக்டர் அவசரமாக ஒரு பார்வை பார்ப்பதற்குத்தான். ஆபரேஷன் முடிவு செய்ய, அல்லது வேறொரு ரேடியாலஜிஸ்டிடம் இரண்டாவது கருத்து கேட்க என்றால் ஜேபிஜி ஆகாது, டைகாமே போக வேண்டும். அது கஷ்டமும் இல்லை. 512க்கு 512 புள்ளி, புள்ளிக்கு இரண்டு பைட். ஒரு ஸ்லைஸ் அரை எம்.பி. முந்நூறு ஸ்லைஸ் 150 எம்.பி.தான். காப்பி செய்த ஃபோல்டரை ஜிப் ஆக்கி கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்பினால், பெரிய ஆஸ்பத்திரிகளில் தங்கள் சிஸ்டத்திலேயே ஏற்றிப் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் டாக்டரிடம் முதலில், "டைகாமா அனுப்பினா பார்ப்பீங்களா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றுவிட்டால் மேலே சொன்ன வேலை அத்தனையும் மிச்சம்.

எம்.ஆர்.ஐ. என்றால் இந்த நிலையான அளவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு சீரீஸுக்கும் மெஷின் தானே ஒரு விண்டோவை எழுதி வைத்திருக்கும், பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும். எக்ஸ்ரே ஒன்றிரண்டு படம்தான்; சில சமயம் கறுப்பு வெள்ளை தலைகீழாக, எலும்பு கறுப்பாக வரும். ஃபைலில் அப்படி எழுதும் முறை ஒன்று இருக்கிறது, அதை மாற்றும் சாஃப்ட்வேர் கவனிக்காமல் விட்டால் இப்படி ஆகும், இன்வெர்ட் என்று ஒரு பட்டன் போதும். அல்ட்ராசவுண்ட் படங்களில் பெரும்பாலும் முதலிலிருந்தே 256 படிகள்தான், ஜேபிஜி ஆக்கினால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அதில் நோயாளி பெயர் படத்தின் புள்ளிகளிலேயே கலந்து எழுதப்பட்டிருக்கும், எந்த டிக்கை எடுத்தாலும் போகாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

டிஸ்க் உடைந்துபோய் கையில் பிலிம் மட்டும்தான் இருக்கிறது என்றால், டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்து எடுக்காதீர்கள், லைட்டின் கோடு படத்துக்குக் குறுக்கே விழும். லேப்டாப்பில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பிரைட்னஸை முழுதாக வைத்து, அறை விளக்கை அணைத்து, பிலிமைத் திரையிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஒட்டிப் பிடித்தால் திரையின் புள்ளிகள் வலை மாதிரித் தெரியும். பிலிம் முழுவதையும் ஒரே போட்டோவாக எடுக்காமல், நாலைந்து கட்டங்களாகக் கிட்டப் போய் எடுங்கள்.

கடைசியாக, ஆன்லைன் தளம். போடாதீர்கள். நீங்கள் ஏற்றுவது வெறும் படம் இல்லை. ஒவ்வொரு ஃபைலிலும் அப்பாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆஸ்பத்திரி எண்ணும் இருக்கிறது, முந்நூறு ஃபைல் என்றால் முந்நூறு முறை. தவிர, அந்தத் தளங்கள் பலவற்றில் விண்டோ வைக்கிற வசதியே இருக்காது, கிடைத்ததை மாற்றித் தரும். வேறு வழியே இல்லையென்றால், முதலில் மைக்ரோடைகாமில் அனானிமைஸ் கொடுத்துப் பெயரை நீக்கிய காப்பியை எடுத்து, அதை மட்டும் போடுங்கள். பெயர் நீக்காத அசல் ஃபோல்டரை வேறொரு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பீரோவுக்கு மேலே கிடக்கும் டிஸ்க் நாலைந்து வருடத்தில் படிக்காமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த ஸ்கேன் எடுக்கும்போது ரேடியாலஜிஸ்ட் முதலில் கேட்பது, "பழைய ஸ்கேன் இருக்கா?" என்பதைத்தான்.